மதுரைக்காரர் செய்த மேடை ஜோடனை

போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணம். மேடையை ஒரு இளம்பெண் அலங்கரித்திருந்தாள். பெங்களூரில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவளாம். வெள்ளையும் பச்சையுமாக அளவோடு, நன்றாகவே செய்திருந்தாள். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த என் பள்ளித்தோழி சொன்னாள்: “நம்ம காலத்துல இதெல்லாம் ஏதுடி? வாசல்ல ரெண்டு வாழை மரம், மேல நாலு சீரியல் பல்பு. அம்புட்டுத்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன். பிறகு போன் செய்து என்ன கோபம் என்று கேட்டாள். போனில் சொல்கிற விஷயமில்லை. அவளுக்கும், அவளைப் போல அறுபதைத் தாண்டி உட்கார்ந்துகொண்டு நம்ம காலத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நம்ம காலத்திலும் இருந்தது. இருந்ததை நாம்தான் ஒளித்து வைத்தோம். ஒளித்தவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு அப்போது பத்து வயது. முழுப்பரீட்சை லீவு. அப்பாவுக்குப் பஜாரில் பருத்திக் கமிஷன் கடை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் இரண்டு தங்கைகள். தாத்தா இல்லாததால் தங்கைகளுக்கு அப்பாதான் எல்லாம். சின்ன அத்தைக்கு அந்தச் சித்திரையில் கல்யாணம். பெரிய அத்தைக்கு இருபத்தெட்டு வயது. அவளுக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை.

பெரிய அத்தைக்குப் பதினேழு வயதில் விரல் நுனிகளில் நிறம் போக ஆரம்பித்ததாம். நான் பார்க்கும்போது இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படர்ந்திருந்தன. பாதங்களிலும் அப்படித்தான். எனக்கு அது விகாரமாகத் தெரிந்ததே இல்லை. ஆனால் ஊரில் அதற்கு வைத்திருந்த பேர் வெண்குஷ்டம். சொல்லும்போதே ஓரடி தள்ளி நின்று சொல்லுவார்கள். யாராவது வீட்டுக்கு வந்தால் அத்தை பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அம்மா அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தாள். டம்ளர் மாறிப்போனால் எடுத்துப் போய்ப் புளி போட்டு விளக்குவாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கைகளால் அவள் பூ வைப்பாள். சரம் கட்டுவதைச் சொல்லவில்லை. சரம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். அத்தை ஒரு அறைக்குள் போனால் முதலில் ஒன்றும் செய்யாமல் நிற்பாள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, உள்ளே வருகிற ஆளின் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பாள். பிறகு வெளியே போய் எதையாவது ஒடித்து வருவாள். நம்ம கரிசல் காட்டில் ரோஜாவா விளைகிறது? ஆவாரங்கொத்து, எருக்கு, நெற்று தொங்கும் வாகைக் குச்சி, வெடித்த காயோடு பருத்திச் செடி, கம்பங்கதிர். பித்தளைச் செம்பில் ஒரே ஒரு வாகைக் குச்சியை வைத்து ரேடியோ பெட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் ஓரமாக நகர்த்துவாள். சாயங்கால வெயில் பட்டதும் நெற்றுக்குள் இருக்கும் விதைகள் வரிசையாகத் தெரியும். அம்மா ஒருநாள் அதைக் குப்பை என்று நினைத்து அடுப்பில் வைத்துவிட்டாள்.  மறுநாள் அத்தை வேறொன்று வைத்தாள்.

அப்பாவின் கடை மேசையில் ஒரு குவளையில் பருத்திக் காயும் கம்பங்கதிரும் வைத்திருந்தாள். குவளை ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகவில்லை. “ரெண்டு பேரு எதிரெதிரா உக்காந்து பேசுற மேசை. நடுவுல முகத்தை மறைக்கக் கூடாது பாப்பா” என்றாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த மில்காரர் ஒருவர் பேரத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாரு வச்சது?” என்று கேட்டார். “வீட்டுல பிள்ளைக விளையாட்டா வச்சது” என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கல்யாணம் நிச்சயமானதும் அப்பா மேடை ஜோடனைக்கு மதுரையிலிருந்து ஆள் கூப்பிடுவதாக இருந்தார். சின்ன அத்தை அழுது அடம்பிடித்தாள். “அக்காதான் செய்யணும். இல்லேன்னா வெறும் மேடையா இருக்கட்டும்.” அவளும் அன்றைக்கு அப்படிப் பேசியவள்தான். கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் பெரிய அத்தை ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். சம்பந்தி வீட்டில் அவளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நரிக்குடியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள், அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று நாள் கல்யாண மண்டபத்தில் அவள்கூடவே இருந்தேன். முதல் நாள் சின்ன அத்தையையும் அவளுடைய கூறைப் புடவையையும் வரவழைத்து மேடையில் நிற்க வைத்தாள். “புடவை அரக்கு. பின்னாடி செவப்பு, மஞ்சள்னு அடைச்சு வச்சா முகம் அமுங்கிப் போகும்” என்றாள். சின்ன அத்தை குட்டை என்பதால் மேல் வளைவை இரண்டடி இறக்கிக் கட்டச் சொன்னாள். வளைவு உயரமாக இருந்தால் பொண்ணு கிணற்றுக்குள் நிற்பதுபோல இருக்குமாம். ஓமப் புகை படும் பக்கம் மல்லிகை கருகிவிடும் என்று அங்கே பனங்குருத்தை மட்டும் கீறி விசிறி விசிறியாக மடித்து வைத்தாள். வெளுத்த மஞ்சளில் அந்தக் குருத்து மட்டுமே ஒரு சுவர் முழுக்க. நடுவில் சரக்கொன்றை, தலைக்கு மேலே மட்டும், மழை இறங்குவதுபோல.

கொன்றை சீக்கிரம் உதிர்ந்துவிடும் இல்லையா? அதற்குப் பப்பாளி இலைக் காம்பை வெட்டினாள். உள்ளே குழாய் மாதிரி இருக்கும். ஒரு முனையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு கொத்தையும் ஒவ்வொரு காம்பில் செருகிக் குருத்துக்குப் பின்னால் ஒளித்துக் கட்டினாள். நூற்றுக்கும் மேல் இருக்கும். கடைசிக் காம்பைக் கட்டிவிட்டு இறங்கி, வாசல் வரை போய்த் திரும்பி நின்று பார்த்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறு மணி பஸ்ஸு வந்துரும். கிளம்புத்தா.”

“கொன்றைக்கு விடிய ஒரு தடவை தண்ணி விடணும் அண்ணே.”

“ஆளு விட்டு ஊத்திக்கிருதேன். நீ கிளம்பு.”

கையில் துணிப்பையோடு அவள் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சித்தி வளைவுக்கு நேரா நிக்கிறாளான்னு மட்டும் பாத்துக்க” என்றாள். பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோல வாய் தவறிச் சித்தி என்றுவிட்டாள். எனக்கு அத்தை, அவளுக்குத் தங்கை. பஸ் போய்விட்டது. தங்கைக்கு மேடை கட்டியவள் தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கவில்லை.  

கொன்றைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் அவள் ஊற்றி வைத்திருந்ததே போதுமானதாக இருந்தது.

மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் மேடையைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பருப்பு வியாபாரி, ரசனையுள்ள மனுசர். தாலி கட்டி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். “பாப்பா, இதை யாரு பண்ணுனது?”

அப்பா அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். காலையில் சொல்லிக் கொடுத்திருந்தார். நானும் சொன்னேன்: “மதுரைக்காரரு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “பெரிய மீசை வச்சிருந்தாரு. யாரையும் மேடைக்கிட்ட விடவே மாட்டாரு. வெத்தலை போட்டுக்கிட்டே கட்டுனாரு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் அப்படித் தடவுகிற ஆள் இல்லை. அதனால் அன்று முழுக்க யார் கேட்டாலும் அந்த மீசைக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே திரிந்தேன். சின்னப் பிள்ளை தெரியாமல் சொன்னது என்று என்னைச் சமாதானப்படுத்தாதீர்கள். பத்து வயதுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

வைகாசியில் சம்பந்தி விருதுநகரில் புது ஆபீசு திறப்பதாக இருந்தார். “அந்த மதுரைக்காரரையே அனுப்பி வைங்க” என்று அப்பாவிடம் கேட்டுவிட்டார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. அதற்குள் நரிக்குடியிலிருந்து திரும்பியிருந்த பெரிய அத்தையிடம், வீட்டிலேயே செய்து கொடு, கடை வேனில் ஏற்றி டிரைவரிடம் கொடுத்துவிடலாம் என்றார்.

“வாசல் எந்தத் தெச? மேசை எங்கிட்டுக் கெடக்கு? வாரவுக உக்காருற இடம் எது?” என்று அத்தை கேட்டாள்.

“அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? ஏதோ பூவு. அழகா இருந்தாப் போதும்.”

“பாக்காத இடத்துக்கு எப்படி அண்ணே வைக்கிறது?”

“வைக்கத்தான் வேணும்” என்றார் அப்பா.

அவள் தலையாட்டினாள். இரண்டு நாள் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கினாள். காய்ந்த எள்ளுச் செடி, கம்பங்கதிர், பொழுது விடியப் பறித்த நந்தியாவட்டை, பப்பாளிக் காம்புகள் எல்லாவற்றையும் ஈரச்சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினாள். அப்பாவும் அம்மாவும் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் வேனில் வருவதாக ஏற்பாடு. டிரைவர் வண்டியைக் கிளப்புகிற நேரத்தில் அத்தை கதவைத் திறந்து எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியை எடுத்தார். பாலவனத்தம் தாண்டியதும்தான் கவனித்தேன். அத்தை அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

புது ஆபீசு வாசலில் ஐம்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். அவள் இறங்கியதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, “எதுக்குத்தா நீ வந்த?” என்றார்.

“காம்புல தண்ணி ஊத்தி டிரைவரா அண்ணே வைப்பாரு?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வழக்கம்போல முதலில் சும்மா நின்றாள். பிறகு வேலையை ஆரம்பித்தாள். சம்பந்தியின் மேசையில் தணிவாக எள்ளுச் செடியும் நந்தியாவட்டையும் வைத்தாள். தெற்கு ஜன்னலுக்குக் கீழே உயரமாகக் கம்பங்கதிர்.  எல்லாரும் முதலில் பூவைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தர் கண்ணாக அவள் கைக்கு நகர்ந்தது.

சம்பந்தி கிட்டே வந்தார். “நீங்க யாரும்மா?”

“உங்க மருமகளுக்கு அக்கா. கல்யாண மேடையும் நான்தான் ஜோடிச்சேன்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “மதுரைக்காரருன்னு சொன்னியே பாப்பா?”

நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தியின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கையைப் பாத்தியளா? வெண்குஷ்டத்தை மறைச்சுல்ல பொண்ணு குடுத்திருக்காக” என்றார். சின்ன அத்தை குங்குமத் தட்டோடு அந்த அம்மாளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அக்காதான் செய்ய வேண்டும் என்று அழுதவள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

சம்பந்தி மரியாதை தெரிந்தவர். அவர் சத்தம் போடவில்லை. “ரொம்ப நல்லாயிருக்கு. வெயிலுக்கு முன்னாடி கிளம்புங்க” என்றார். அவ்வளவுதான். நாங்கள் வேனில் ஏறி, டிரைவர் வண்டியைத் திருப்புவதற்குள் இரண்டு ஆட்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து ரோட்டோரம் கொட்டினார்கள். உள்ளே மஞ்சத் தண்ணி தெளிக்கச் சொல்லிச் சத்தம் கேட்டது. ஒரு வெள்ளாடு வந்து கம்பங்கதிரை மட்டும் பொறுக்கித் தின்றது.

“நிப்பாட்டுங்க” என்று அத்தை இறங்கினாள். பூவைத் தொடவில்லை. இரண்டு பித்தளைப் பாத்திரங்களையும் எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு ஏறினாள். அருப்புக்கோட்டை வரை அவற்றை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. “எதுக்கு அழுவுற? நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கத்தினார். “குடியைக் கெடுத்துட்டியே! அவளை வாழ வைப்பாகளா இனிமே?”

“நான் எதையும் மறைக்கல அண்ணே. மறைச்சது நீங்க” என்றாள். அப்பா கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வரவில்லை.

மூன்றாம் நாள் சின்ன அத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அவளுக்கும் அந்த வியாதி இருக்கிறதா என்று டாக்டர் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். சம்பந்தியின் மனைவியும் அம்மாவும் அவளை ஊரிலிருந்த ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். திரைக்குப் பின்னால் சின்ன அத்தையின் உடம்பைச் சாண் சாணாகப் பார்க்க வைத்தார்கள். அவள் விசும்பும் சத்தம் வெளியே கேட்டது.

டாக்டர் வெளியே வந்தபோது அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்திருந்தது. “இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அவ அக்காவுக்கு இருக்கிறதுக்கும் குஷ்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தோலுல நிறம் போயிருக்கு, அவ்வளவுதான். தொட்டா ஒட்டாது.” அம்மா பக்கம் திரும்பினார். “இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட பத்து வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேனே. கடுதாசியில எழுதியும் குடுத்தேனே?”

அம்மா சொன்னாள்: “தெரியும் டாக்டர். ஊரு வாயை மூட முடியுமா?”

இந்த இடத்துக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தனித் தட்டு, தனி டம்ளர், புளி. தெரிந்துகொண்டேதான் ஆறு மணி பஸ். அந்தக் காலத்து மனுசர்கள், அறியாமை, பாவம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அறியாமையில் செய்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன்.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: “கல்யாணத்துல அந்த மேடையை நான் பாத்தேன். செஞ்சது இவ அக்காதான்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். அந்தப் பொண்ணை என்னை வந்து பாக்கச் சொல்லுங்க.” அம்மா வீட்டில் சொல்லவில்லை. நான் சொன்னேன். அந்தக் கோடையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆனி பிறப்பதற்குள் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு டாக்டர் வீட்டுப் பின்கட்டுக்குக் குடிபோய்விட்டாள். ஆஸ்பத்திரி முன்னறைக்குப் பூ வைக்க வேண்டும். முதல் நாள் முழுக்க அவள் நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “காத்துக் கெடக்கவுக யாரும் மேல பாக்கல. தரையைத்தான் பாக்காக” என்று என்னிடம் சொன்னாள். அதனால் அகலமான மண் தாழியில் தண்ணீர் நிரப்பித் தரையிலேயே வைத்தாள். அதில் வாசமில்லாத பூக்கள் மட்டும். பிள்ளைத்தாச்சிகளுக்கு மல்லிகை வாசம் குமட்டும் என்பாள். பிறகு பேங்க், பள்ளிக்கூட ஆண்டு விழா, தறிக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்கள் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. சின்ன அத்தை புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள், பிள்ளைகள் பெற்றாள். அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அப்பா சாகும்வரை பெரிய அத்தையோடு பேசவில்லை. அவள் அரைக்கைச் சட்டையோடு பஜாரில் நடந்தாள், நன்றாகவே வாழ்ந்தாள். இறந்து நாலு வருசம் ஆகிறது.

இப்போது என் விஷயம். எனக்கு இருபத்திரண்டு வயதில் மதுரையில் சம்பந்தம் கூடியது. பள்ளிக்கூடக் காலம் முழுக்க நான் சந்து வழியாக அத்தையைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு என்னைத் தவிர யாருமில்லை. அப்பா சொன்னார்: “அவ கல்யாணத்துக்கு வரக் கூடாது.” நான் பட்டம் வாங்கியவள். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்பாவுக்குப் பயந்து இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அவள் கையைப் பார்த்துவிட்டால் என்ற பயம். அவள் வராமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. அப்பாவைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, என்னைத் திட்ட யாருமில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத் தனியாக அவளைப் பார்க்கப் போனேன். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாள், காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவள் கேட்கவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து ஆசையாக முகத்தைப் பார்த்தாள்.

“மேடைக்கு என்ன பூவு வச்சாக?” என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு நிறம்கூட.

“தெரியல அத்தை.”

“உன் கல்யாணந்தானேத்தா,” என்றாள். “நீ பாக்கலையா?”